முதல் மரச் சுங்கான்: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

வெளியுருவம் கொஞ்சம் கோணலாக வந்தாலும் சுங்கான், அதாவது புகையிலை பைப், வேலை செய்யும். துளை கோணினால் செய்யாது. முதல்முறை செதுக்குகிறவர்கள் உளியையும் அரத்தையும் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் டிரில் போடும் அந்தப் பத்து நிமிடத்தில். ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் துளையைப் பாருங்கள். மரத்தைக் குறை சொல்வது பிறகு.

இங்கே வரும் பெயர்கள்: புகையிலை போடுவது குழி, அதைச் சுற்றியுள்ள மரம் கிண்ணம். அதிலிருந்து நீளும் மரம் கழுத்து. கழுத்துக்குள் ஓடுவது காற்றுத்துளை. வாயில் வைக்கும் கறுப்புத் துண்டு வாய்க்குழல். அதன் மறுமுனையில் நீட்டிக்கொண்டிருப்பது கழுந்து, அது போய் உட்காருவது கழுந்துத்துளை. தச்சர்கள் கதவுச் சட்டத்துக்குச் சொல்லும் அதே கழுந்துதான்.

முதல் பைப்புக்கு நம்பகமான அளவுகள்: குழி 19 அல்லது 20 மி.மீ. அகலம், 36 முதல் 38 மி.மீ. ஆழம். காற்றுத்துளை 4 மி.மீ. கழுந்துத்துளை 8 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழம். குழியைச் சுற்றிச் சுவர் 8 மி.மீ. இருந்தால் நிம்மதி, 6-க்குக் கீழே போகாதீர்கள். குழியின் அடியில் 10 மி.மீ. மரம் மிச்சம் இருக்கட்டும். கழுத்தின் வெளி விட்டம் 16 மி.மீ.

சோதனைக்கு வேண்டியவை: வெர்னியர் காலிப்பர், சிறிய டார்ச், பைப் கிளீனர் நாலைந்து. கைவினைக் கடையில் கிடைக்கும் மினுமினுப்பான பைப் கிளீனர் பெரும்பாலும் செயற்கை இழை. துளை நேராக இருக்கிறதா என்று பார்க்க அது போதும். சூடான பைப்புக்குள் விட்டால் உருகும். அதற்குப் பஞ்சு சுற்றியதுதான் வேண்டும்.

## காற்றுத்துளை குழியின் அடியில் வந்து சேரவில்லை

டார்ச்சைக் குழிக்குள் அடித்துப் பாருங்கள். காற்றுத்துளையின் வாய், குழியின் தரையை ஒட்டி நட்டநடுவில் தெரிய வேண்டும்.

### துளை தரைக்கு மேலே திறக்கிறது

1 மி.மீ. மேலே என்றால் விட்டுவிடுங்கள். 2 முதல் 4 மி.மீ. என்றால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கி, ஒவ்வொரு முறையும் கசக்கும். தரையை உயர்த்துவதுதான் வழி. சுருட்டுச் சாம்பலைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, பற்பசைப் பதத்துக்கு வந்ததும் தீக்குச்சியின் பின்முனையால் அடியில் அப்புங்கள். அப்புவதற்கு முன் காற்றுத்துளைக்குள் பைப் கிளீனரைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் துளையையே பூசி மூடிவிடுவீர்கள். இரண்டு நாள் காயவிட்டு, கிளீனரைத் திருகி உருவுங்கள். ஊதுபத்திச் சாம்பலோ வாசனை விபூதியோ இதற்கு ஆகாது, சூட்டில் அந்த வாசனையும் சேர்ந்து உள்ளே போகும்.

5 மி.மீ.க்கு மேல் என்றால் சாம்பல் தாங்காது.   அடுத்த கட்டைக்குப் போங்கள்.

### துளை தரைக்குக் கீழே ஓடுகிறது, குழியைத் தொடவே இல்லை

காலிப்பரின் வால்கம்பியால் குழி ஆழத்தை அளந்து, கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் கோடு போடுங்கள். காற்றுத்துளைக்குள் சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டு அதன் ஆழத்தையும் குறியுங்கள். இடைவெளி எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும். குழியை அதே பிட்டால் 1 மி.மீ., 1 மி.மீ. ஆக இறக்குங்கள். அடியில் 6 மி.மீ. மிச்சம் என்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும், துளை வந்தாலும் வராவிட்டாலும்.

### துளை ஒரு பக்கமாக ஒதுங்கித் திறக்கிறது

2 மி.மீ. வரை ஒதுங்கினால் புகைப்பதில் வித்தியாசம் தெரியாது. குழியின் சுவரையே கிழித்துக்கொண்டு போயிருந்தால் அந்தக் கட்டையில் இனி நேரம் போடாதீர்கள்.

ஏன் ஒதுங்கியது? மிக எளிய காரணம் பிட்டின் நீளம். கடையில் "4 எம்.எம்." என்று கேட்டால் கொடுக்கும் சாதாரண பிட் மொத்தமே 75 மி.மீ. நீளம், அதில் சுழல் வரி ஓடுவது 43 மி.மீ.தான். வரி முடிந்த பிறகும் அழுத்தினால் மரத்தூள் வெளியேற வழியில்லாமல் அடைத்து, பிட் சூடேறி, நார் போகிற போக்கில் வளையும். பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கருவிக்கடைகளில் "லாங் சீரிஸ்" என்று சொல்லிக் கேளுங்கள். அது 119 மி.மீ. நீளம், வரி 78 மி.மீ. அதிலும் ஒவ்வொரு 5 மி.மீ.க்கும் பிட்டை முழுக்க வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும்.

இரண்டாவது காரணம் வரிசை. முதலில் கழுந்துத்துளை, அடுத்து அதே பிடியில் வைஸைத் தளர்த்தாமல் காற்றுத்துளை, கடைசியாகக் குழி. கழுந்துத்துளைக்கு நடுவில் கூர்முனை உள்ள மர பிட் போட்டால் அது அடியில் ஒரு சின்னப் பள்ளம் விட்டுப்போகும், 4 மி.மீ. பிட் அந்தப் பள்ளத்தில் தானாக உட்காரும். குழியைக் கடைசியாக இறக்குவதில் ஒரு வசதி உண்டு: காற்றுத்துளை கண்ணில் பட்ட நொடியில் கையை நிறுத்தலாம்.

மூன்றாவது, கை டிரில். கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே துளை போட்டுவிடுங்கள். உருட்டிச் செதுக்கிய பிறகு வைஸ் எதைப் பிடிக்கும்? டிரில் ஸ்டாண்டு இல்லையென்றால் இந்த வேலையை மட்டும் பட்டறைக்குக் கொடுப்பது மேல். பீன்யாவில் சின்ன லேத் பட்டறைகள் நிறைய. வாயால் விளக்காதீர்கள், கட்டையின் பக்கவாட்டிலேயே மூன்று துளையையும் முழு அளவில் பென்சிலால் வரைந்து, ஆழத்தை எழுதிக் கொடுங்கள். "அண்ணா, இந்தக் கோட்டுக்கு மேல ஒரு மி.மீ. கூட இறங்கக் கூடாது" என்ற ஒரு வார்த்தை போதும்.

### குழியின் தரை நடுவே ஒரு ஓட்டை

தட்டை பிட் போட்டதன் அடையாளம் இது. அதன் நடுமுனை வெட்டும் விளிம்பைவிட 8, 10 மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் 38 மி.மீ. இறக்கியதாக நினைத்துக்கொண்டிருக்க, முனை 48-க்குப் போயிருக்கும். ஓட்டை வெளியே வரவில்லை என்றால் சாம்பல் குழம்பால் அடைக்கலாம். வெளியே வெளிச்சம் தெரிந்தால் மர ஆணி அடித்து ஒட்ட வேண்டாம்; பசை இருக்கும் இடம் நெருப்புக்கு நேர் கீழே. அந்தக் கட்டை அலமாரிக்கு. அடுத்த முறை பிட்டின் முனையைச் சாணைக்கல்லில் தேய்த்து, விரல்நுனி போல வளைவாக்கிவிட்டுப் போடுங்கள். குழியின் தரையும் அதே வளைவில் வரும்.

## உறிஞ்சினால் காற்று வரமாட்டேன் என்கிறது

வாய்க்குழலைக் கழற்றி அதை மட்டும் உறிஞ்சுங்கள். பிறகு கழுத்தில் வாய் வைத்து மரத்தை மட்டும் உறிஞ்சுங்கள். எது இறுக்கமோ அங்கேதான் கோளாறு.

மரம் இறுக்கம் என்றால் முதலில் மரத்தூள். உப்புத்தாள் தேய்த்த தூளும் மெழுகும் சேர்ந்து துளைக்குள் களிம்பாகிவிடும். 4 மி.மீ. பிட்டைக் கையால் பிடித்து, டிரில்லில் மாட்டாமல், உள்ளே சுற்றி எடுங்கள். துளையை 3 மி.மீ.யில் போட்டிருந்தால் 4-க்கு விரியுங்கள்.

வாய்க்குழல் இறுக்கம் என்றால் பல்லில் கடிக்கும் முனையிலுள்ள பிளவைப் பாருங்கள். அதில் 1 மி.மீ. தகடு தாராளமாகப் போய் வர வேண்டும். மடித்த 320 உப்புத்தாளால் உள்ளேயே இழுத்து இழுத்துத் தேய்க்கலாம்.

இரண்டும் தனித்தனியாகச் சரி, சேர்த்தால் மட்டும் இறுக்கம் என்றால் கழுந்தின் நடுவும் மரத்துளையின் நடுவும் நேராக இல்லை. இந்தக் கோளாறுதான் அடுத்த அறிகுறிக்கும் காரணம்.

## குறுகுறுவென்று சத்தம், வாய்க்குள் கசந்த நீர்

முதலில் புகையிலை. பாக்கெட்டைத் திறந்ததும் போட்டால் ஈரம் அதிகம். ஒரு தட்டில் பரப்பி 20 நிமிடம் வைத்து, விரலால் கிள்ளினால் ஒட்டாமல் உதிர்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். மழைக்கால பெங்களூரில் இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். வேகமாக இழுத்தாலும் இதே சத்தம் வரும்.

அதற்குப் பிறகும் சத்தம் என்றால்: பைப் ஆறியபின் வாய்முனையிலிருந்து பைப் கிளீனரை விடுங்கள். தடையில்லாமல் குழிவரை போனால் துளை நேராக இருக்கிறது. கழுத்தும் குழலும் சேருமிடத்தில் முட்டி நின்றால் அங்கே படி இருக்கிறது. கழுந்தின் முனைத்துளையை 6 மி.மீ. பிட்டைக் கையால் திருகிப் புனல் போல விரித்துவிடுங்கள். பெரும்பாலும் இதோடு தீரும்.

முட்டவில்லை, ஆனாலும் நீர் சேர்கிறது என்றால் கழுந்தின் நீளத்தை அளங்கள். கழுந்துத்துளையின் ஆழத்தையும் அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கழுந்து 16, துளை 20 என்றால் நடுவில் 4 மி.மீ. அறை ஒன்று உருவாகி, புகை அங்கே குளிர்ந்து நீராகத் தேங்குகிறது. இழுக்கும்போது விசில் கேட்பதும் பெரும்பாலும் இந்த அறையால்தான். நீளமான கழுந்துள்ள குழலை மாற்றுவதுதான் முழுத் தீர்வு. 8 மி.மீ. டெல்ரின் (கெட்டியான ஒரு பிளாஸ்டிக்) தண்டை லேத்தில் நடுத்துளை போட்டு வாங்கினால் பழைய குழலிலேயே புதிய கழுந்து வைக்கலாம். கை டிரில்லில் இதை முயல வேண்டாம். நடுப்புள்ளி நிச்சயம் ஒதுங்கும்.

## கிண்ணம் கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறது

கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கன்னம் பொறுத்தால் அது இயல்பான சூடு. பொறுக்கவில்லை என்றால் கீழே வைத்து ஆறவிடுங்கள்; மீண்டும் பற்றவைத்துச் சோதிக்க வேண்டாம்.

### சுற்றிலும் ஒரே மாதிரி சூடு

வேகமாக இழுப்பது முதல் காரணம். புதிய பைப்பில் முதல் ஐந்தாறு முறை குழியின் பாதிக்கு மட்டும் புகையிலை போடுங்கள். அடுத்து சுவர்: காலிப்பரால் வெளி விட்டத்தை அளந்து குழி விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். விளிம்பில் மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். மேலே 9 மி.மீ. இருக்கும், அடிவயிற்றில் உருட்டிச் செதுக்கிய இடத்தில் 5-தான் இருக்கும். அந்த 5 மி.மீ. இடம்தான் முதலில் எரியும்.

கடைசியாக மரம். பைப்புக்கென்றே பெயர்பெற்ற பிரையர், மத்தியதரைக்கடல் ஓரம் வளரும் எரிகா செடியின் வேர்முண்டு. அதை மணிக்கணக்காக வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் விற்பார்கள். துளையிட்ட பிரையர் கட்டை கிடைத்தால் முதல் பைப்புக்கு அதுவே சிக்கனம், துளைத் தலைவலி பாதி இல்லை. நம் ஊர் மரத்தில் செய்வதானால் வைரம் பாய்ந்த புளி, கொய்யா மாதிரி அடர்ந்த கட்டை. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மைகளுக்குக் கடையும் வெட்பாலை, அழகான வெள்ளை மரம், ஆனால் மென்மை. குழி வைத்தால் சீக்கிரம் கருகும்.

### ஒரே இடத்தில் சூடு, வெளியே கருத்த புள்ளி

இதுதான் ஓட்டை விழப்போவதன் அறிகுறி. புகையிலையைக் கொட்டி, பைப் முழுக்க ஆறியதும் குழிக்குள் டார்ச் அடியுங்கள். அந்தப் புள்ளிக்கு நேர் உள்ளே பல்குச்சியால் லேசாக அழுத்துங்கள். கெட்டியாகக் கரகரத்தால் அது கரிப்படிவம், கவலையில்லை. குச்சி புதைந்தால், அல்லது கரி செதிலாக உதிர்ந்தால் மரமே எரிந்துகொண்டிருக்கிறது.

கரியைச் சுரண்டி, நல்ல மரம் வரும்வரை போங்கள். மிச்சச் சுவர் 5 மி.மீ. இருந்தால் சாம்பல் குழம்பு பூசி, மூன்று நாள் காயவிட்டு, அரைக்குழி மட்டும் போட்டுப் பாருங்கள். அதற்கும் குறைவு என்றால் அந்தப் பைப்பை மீண்டும் பற்றவைக்கக் கூடாது. வெளியே பசையும் மரத்தூளும் அப்பி மறைப்பது ஆபத்து. எரிவது உள்ளே தொடரும்.

முன்கூட்டியே காக்க: புதுக் குழிக்குள் ஒரு ஸ்பூன் தயிரில் ஆக்டிவேட்டட் சார்கோல் தூளைக் குழைத்து மெல்லியதாகப் பூசி இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சார்கோல் கேப்சூலை உடைத்துப் போட்டாலே போதும். தயிர் நாற்றம் முதல் இரண்டு முறையோடு போய்விடும். பற்றவைக்கத் தீக்குச்சியே போதும்; ஜெட் லைட்டர் விளிம்பையே தீய்த்துவிடும்.

## வெடிப்பு

சந்தேகமான இடத்தில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சால் தடவுங்கள். மேல்பரப்பு உடனே உலரும்; வெடிப்பு இருந்தால் அந்தக் கோடு மட்டும் சில நொடி ஈரமாகக் கறுத்து நிற்கும். நெருப்பு அருகில் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

### செதுக்கும்போதே வெடித்தது

கட்டை பச்சை. கோடை மழையில் தெருவில் சாய்ந்த கிளையை அறுத்து வந்து அடுத்த ஞாயிறே செதுக்க உட்காரும் ஆசைதான் காரணம். பிப்ரவரி, மார்ச் மாத வறண்ட காற்றில் பச்சைக் கட்டை இரவோடு இரவாகப் பிளக்கும். கட்டையின் இரண்டு வெட்டுமுகத்திலும் மெழுகை உருக்கித் தடவி, நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாவிட்டால் செதுக்கலாம். பொறுமை இல்லையென்றால் மைசூர் ரோட்டை ஒட்டிய மரக்கடைகளில் பழைய, நன்றாக உலர்ந்த துண்டு கேட்டுப் பாருங்கள்.

கிளையின் நடுவிலுள்ள சோற்றுப்பகுதி கட்டைக்குள் வந்தால் எவ்வளவு உலர்த்தினாலும் அதிலிருந்து நட்சத்திரம்போல விரியும். அதை ஒதுக்கி ஒரு பக்கத்திலிருந்து கட்டை எடுங்கள்.

### கழுத்தில், குழல் சேருமிடத்தில் வெடிப்பு

கழுந்து இறுக்கம், அல்லது சூட்டோடு குழலைத் திருகிக் கழற்றியது. கோடு முடியும் இடத்தில் 1 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். வெடிப்பு அதைத் தாண்டாது. நீர்போன்ற சூப்பர் குளூவைக் கோட்டுக்குள் இறக்கி, நூலால் இறுகக் கட்டி ஒரு நாள் விடுங்கள். அதன்மேல் பித்தளைப் பூண். பூண் இல்லாமல் பசையை மட்டும் நம்பினால் அடுத்த மாதம் மறுபடி திறக்கும். பூணைப் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். கழுத்து விட்டத்தைவிட மயிரிழை சின்னதாகக் கேட்டு, பூணை மட்டும் சூடாக்கி மாட்டினால் ஆறும்போது தானே இறுகும்.

### குழிக்குள் வெடிப்பு

விளிம்பிலிருந்து உள்ளே இறங்கும் ஆழமில்லாத கீறல் என்றால் சாம்பல் குழம்பு. அதே கோடு வெளிச்சுவரிலும் தெரிந்தால் ஓய்வு கொடுத்துவிடுங்கள். குழிக்குள் சூப்பர் குளூவோ எபாக்ஸியோ வரவே கூடாது.

## வாய்க்குழல் ஆடுகிறது, அல்லது கழல மறுக்கிறது

ஆட்டம் லேசாக இருந்தால் கழுந்தில் தேன்மெழுகை ஒருமுறை தேய்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதித் தானே இறுகுவதும் உண்டு. அவசரப்பட்டுக் கழுந்தை மாற்ற வேண்டாம். கையைத் தட்டினாலே விழுகிறது என்றால் புதிய கழுந்துதான். டெல்ரினைத் தீயில் காட்டி விரிக்கப் பார்க்காதீர்கள். அதிகம் சூடானால் வரும் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

கழல மறுத்தால் திருகாதீர்கள். ஆறிய பைப்பைப் பாலிதீன் பையில் சுற்றி அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் கடிகாரச் சுற்றிலேயே மெல்லத் திருப்பி இழுத்தால் வரும். பிறகு கழுந்தில் 4பி பென்சிலால் கறுப்பாகத் தீட்டிவிட்டு மாட்டுங்கள்.

கழுத்துக்கும் குழலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கழுத்தின் முகம் துளைக்குச் செங்குத்தாக இல்லை. கண்ணாடித் துண்டின்மேல் 400 உப்புத்தாளை ஒட்டி, நடுவில் 8 மி.மீ. துளைவிட்டு ஒரு தண்டை நிமிர்த்தி, அதில் கழுத்தை மாட்டிச் சுற்றித் தேயுங்கள். தண்டு இல்லாமல் கையால் தேய்த்தால் முகம் வட்டமாகி, இடைவெளி இன்னும் பெரிதாகும். இரண்டு முறை முயன்றும் வரவில்லையென்றால் லேத்தில் ஒரு நிமிட வேலை அது.

## கசப்பு, நாற்றம், தும்மல்

முதல் சில முறை மரவாடை வருவது இயல்பு. அதையும் தாண்டிக் கசந்தால், குழியில் பஞ்சை அடைத்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டி ஓர் இரவு விடுங்கள், பஞ்சு பழுப்பாகிவிடும். மூன்று நாள் காற்றாட வைத்த பிறகே பற்றவைக்க வேண்டும். சாயமோ வார்னிஷோ குழிக்குள் வழிந்திருந்தால் உப்புத்தாளால் நல்ல மரம் வரும்வரை தேய்த்தெடுங்கள்.

அரளியும் எட்டியும் நஞ்சு, சின்னத் துண்டுகூட வேண்டாம். பிளைவுட், எம்.டி.எஃப்., பெயின்ட் அடித்த பழைய நிலைப்படி, பேக்கிங் பெட்டிப் பலகை எல்லாம் பசையும் ரசாயனமும் கலந்தவை. ஈட்டி, தேக்கு தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிறுக்கமும் தரும். தேய்க்கும்போதே முகக்கவசம் போடுங்கள். தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எந்த மரமானாலும் புகையிலையின் கேடு அப்படியேதான் இருக்கும்.

## மெருகு கொப்புளிக்கிறது, கையில் ஒட்டுகிறது

வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன். சூடு பட்டால் எழும்பும். சென்னபட்டணத்து அரக்கு மெருகும் இதற்கு ஒத்துவராது. கடைசலில் தேய்க்கும் சூட்டிலேயே உருகிப் படிகிற பொருள், புகையும் கிண்ணத்தில் ஒட்டத்தான் செய்யும். 220 உப்புத்தாளில் முழுக்க எடுத்துவிட்டு 320, 400, 600 என்று ஏறுங்கள். 220 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் நார் நிமிர்ந்து, பழைய கீறல்கள் எல்லாம் தெரியும். அவற்றை 220-இலேயே ஒழித்துவிட்டு மேலே போனால் திரும்பி வர வேண்டியதில்லை. கடைசியில் கார்னோபா மெழுகு. டிரில்லில் துணிச் சக்கரம் மாட்டி, அழுத்தாமல் ஓட்டுங்கள்.